பாடும் ஜன்னலைக் கண்டு பயந்த சிறுவன்

பாரிஸ் மாதா கோயிலுக்குத் திருப்பணி செய்த வியோலே லெ டூக்கின் வரலாறு

பாரிஸ் நகரத்தில் ஒரு வீட்டில் வயதான வேலைக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் அந்த வீட்டுச் சிறுவனைத் தூக்கிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனார். கோயிலில் எள் விழ இடமில்லை. ஏதோ துக்க நாள் போலிருக்கிறது. சுவர்களில் எல்லாம் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். பையனைக் கீழே விட்டால் கூட்டத்தில் நசுங்கிப் போவான் என்று அவர் அவனை இறக்காமல் வைத்துக்கொண்டே நின்றார்.

சிறுவன் சுற்றும்முற்றும் பார்த்தான். எங்கும் இருட்டு. தெற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பெரிய வட்ட ஜன்னல். அதில் சிவப்பும் நீலமும் ஊதாவுமாக ஆயிரம் கண்ணாடித் துண்டுகள். வெயில் அதன் வழியாகப் பாய்ந்துகொண்டிருந்தது. பையன் வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்தான்.

அந்த நேரத்தில் ஆர்கன் வாத்தியம் முழங்க ஆரம்பித்தது. வாத்தியம் இருந்த இடம் சிறுவனுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஜன்னல்தான். ஆகவே அந்த ஜன்னல்தான் பாடுகிறது என்று நினைத்துவிட்டான். இந்தக் கண்ணாடி கட்டைக் குரலில் பாடுகிறது, அந்தக் கண்ணாடி கீச்சுக் குரலில் பாடுகிறது என்று அவனுக்குத் தோன்றியது. வேலைக்காரர் எவ்வளவோ சமாதானம் சொன்னார். பையன் கேட்கவில்லை. பயம் அதிகமாகி அழத் தொடங்கினான். கடைசியில் அவனை வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அந்தச் சிறுவன்தான் யூஜேன் வியோலே லெ டூக். இடிந்து பாழாகிக் கிடந்த அந்த மாதா கோயிலை, சுமார் 20 ஆண்டுகள் உழைத்து எழுப்பி நிறுத்தியவர். அவரைப் புகழ்ந்தவர்களும் உண்டு. கோயிலைக் கெடுத்துவிட்டார் என்று தூற்றியவர்களும் உண்டு. அந்தச் சண்டை அவர் இறந்து 140 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் கிளம்பியது.

கல்லூரி வேண்டாம்!

வியோலே 1814-ம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ந் தேதி பாரிஸில் பிறந்தார். தகப்பனார் அரண்மனைக் கட்டடங்களைக் கவனிக்கும் உத்தியோகஸ்தர். பழைய புத்தகங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர். தாய்மாமன் தெலெக்ளூஸ் ஓவியர். பத்திரிகைகளில் கலை விமரிசனம் எழுதியவர். அவர் குடியிருந்ததும் அதே வீடுதான். எழுத்தாளர்களும் அறிஞர்களும் அங்கே வந்து கூடுவார்கள். பேச்சும் விவாதமும் அமர்க்களப்படும். சிறுவன் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்தான்.

படம் வரைவதில் அவனுக்கு அபாரமான திறமை இருந்தது. கட்டடக் கலைஞன் ஆக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே ஒரு ராஜபாட்டைதான் உண்டு. பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் சேர வேண்டும். கிரேக்கர், ரோமானியர் கட்டிய கட்டடங்களை நகல் எடுத்துப் பழக வேண்டும். பரிசு வாங்க வேண்டும். பிறகு சர்க்கார் வேலை கிடைக்கும்.

வியோலே சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது ஒரு அச்சு; அதில் வார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள் என்பது அவர் எண்ணம். குடும்பத்தார் திகைத்துப் போனார்கள். பையனுக்கு அப்போது 16 வயது. அதே 1830-ம் ஆண்டு ஜூலை மாதம் பாரிஸில் புரட்சி வெடித்தபோது, தெருவில் தடைச் சுவர் எழுப்பியவர்களோடு அவரும் சேர்ந்துகொண்டார். பிடிவாதக்காரர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கல்லூரிக்குப் பதிலாக ஊர் ஊராகச் சுற்றினார். பழைய கோட்டைகள், மடங்கள், தேவாலயங்கள் எல்லாவற்றையும் பார்த்து வரைந்தார். 1836-ல் இத்தாலிக்குப் புறப்பட்டு, ரோமாபுரி, சிசிலி என்று ஓராண்டுக்கு மேல் சுற்றிவிட்டு 1837-ல் திரும்பினார். வயிற்றுப்பாட்டுக்குச் சித்திரப் பள்ளியில் வாத்தியார் வேலை. 1834-லேயே கல்யாணம் ஆகிவிட்டது. தாயார் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

26 வயதில் வந்த சோதனை

அந்தக் காலத்தில் பிரான்ஸில் பழைய கட்டடங்களின் கதி மிகவும் மோசம். 1789-ல் தொடங்கிய புரட்சியில் பல மடங்கள் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் கல்லைப் பெயர்த்து விற்றார்கள். மிச்சம் இருந்தவை மழையில் நனைந்து இடிந்துகொண்டிருந்தன.

இவற்றைக் காப்பாற்ற அரசாங்கம் ஓர் இன்ஸ்பெக்டரை நியமித்தது. 1834 முதல் அந்த வேலையைப் பார்த்தவர் மெரிமே. இவர் ஓர் எழுத்தாளர். 'கார்மென்' என்ற கதையை எழுதிப் பெரும் புகழ் பெற்றவர் இவரே. தெலெக்ளூஸ் வீட்டுக்கு வந்துபோன நண்பர்களில் ஒருவர்.

வெஸெலே என்ற ஊரில் குன்றின் மேல் ஒரு பெரிய ஆலயம் இருந்தது. அதன் கூரை எந்த நிமிஷமும் விழலாம் என்ற நிலை. கட்டடக் கலைஞர்கள் கிட்டவே போகப் பயந்தார்கள். 1840-ல் மெரிமே அந்த வேலையை வியோலேயிடம் ஒப்படைத்தார். வியோலேக்கு வயது 26. அதுவரை ஒரு பெரிய கட்டடத்தைக்கூட அவர் கட்டியதில்லை!

வியோலே போய்ப் பார்த்தார். சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. முதலில் மரத்தால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். பழுதான வளைவுகளைக் கழற்றிவிட்டு, பாரம் குறைந்த வளைவுகளைக் கட்டினார். வெளியே முட்டுச் சுவர்களைப் புதிதாக எழுப்பினார். ஆலயம் பிழைத்தது. முழு வேலையும் முடிய 1859-ம் ஆண்டு ஆயிற்று. ஆனால் விழ இருந்த கூரையைத் தாங்கி நிறுத்தினாரே, அந்த நாளிலேயே அவர் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது.

கல் எப்படி நிற்கிறது?

பாரிஸ் மாதா கோயிலின் பிரெஞ்சுப் பெயர் நோத்ர தாம். நம் அன்னை என்று பொருள். ஸேன் நதியின் நடுவே ஒரு தீவு. அந்தத் தீவுதான் பழைய பாரிஸ். அதன் மேல் கோயில் நிற்கிறது. பிரான்ஸ் தேசத்துச் சாலைகளுக்குப் பாரிஸிலிருந்து எத்தனை மைல் என்று கணக்கிடுவது இந்தக் கோயில் வாசலிலிருந்துதான். வாசல் தரையில் அதற்கு அடையாளமாக ஒரு வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள்.

கோயில் வேலை 1163-ல் தொடங்கியது. இரட்டைக் கோபுரங்கள் உட்பட முக்கியப் பகுதிகள் முடிவதற்குச் சுமார் 90 ஆண்டுகள் ஆயின. கோபுரங்களின் உயரம் 69 மீட்டர். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கல் கூரை 33 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்டப் பத்து மாடி உயரம்!

இந்த மாதிரிக் கட்டடத்துக்குக் 'கோத்திக்' பாணி என்று பெயர். அதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டால்தான் வியோலே செய்த வேலையின் அருமை விளங்கும்.

கல்லால் வளைவுக் கூரை போட்டால், அது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. இரண்டு பக்கத்துச் சுவரையும் வெளியே தள்ளும். அதனால் பழைய காலத்தில் சுவரை மிகவும் கனமாகக் கட்டினார்கள். ஜன்னல் வைக்கப் பயந்தார்கள். உள்ளே ஒரே இருட்டு.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கொத்தனார்கள் இதற்கு வழி கண்டார்கள். அரைவட்ட வளைவுக்குப் பதில் நுனி கூர்மையான வளைவைப் போட்டார்கள். இதில் பாரம் அதிகமாகக் கீழே இறங்கும். வெளியே தள்ளுவது குறையும். கூரைக்குக் குடைக் கம்பி போலக் கல்லால் விலா எலும்புகள் அமைத்தார்கள். மிச்சம் இருக்கும் தள்ளும் பலத்தைத் தாங்க, கட்டடத்துக்கு வெளியே கல் தூண்களை நிறுத்தி, அவற்றிலிருந்து பாலம் போலச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். சாய்கிற சுவருக்கு நாம் மரக்கட்டை கொடுப்பதில்லையா? அதே கதைதான். இங்கே கட்டைக்குப் பதில் கல். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த முட்டுகள் காற்றில் பறப்பது போல இருக்கும்.

பாரம் எல்லாம் தூணுக்கும் முட்டுக்கும் போய்விட்டது. சுவருக்கு வேலை இல்லை. அங்கே பெரிய பெரிய ஜன்னல் வைத்து, வர்ணக் கண்ணாடியால் மூடினார்கள். நம் சிறுவனைப் பயமுறுத்திய வட்ட ஜன்னல் இப்படி வந்ததுதான். அதன் குறுக்களவு சுமார் 13 மீட்டர்.

இது அலங்காரம் மட்டும் அல்ல, இதில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வேலை உண்டு, ஒரு காரணம் உண்டு என்று வியோலே வாழ்நாள் முழுவதும் வாதாடினார். அந்தக் காலத்துப் படித்தவர்கள் கோத்திக் என்றால் காட்டுமிராண்டி வேலை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அது சுலபமான வாதம் அல்ல.

அரசர்களின் தலை போயிற்று

கோயிலின் முகப்பில் 28 அரசர்களின் சிலைகள் வரிசையாக நின்றன. அவர்கள் பைபிளில் வரும் யூதேயா நாட்டு அரசர்கள். ஆனால் 1793-ல் புரட்சிக்காரர்கள் அவர்களைப் பிரான்ஸ் மன்னர்கள் என்று நினைத்தார்கள். உயிருள்ள மன்னர் பதினாறாம் லூயியின் தலையை அந்த ஆண்டு ஜனவரியில்தான் வெட்டியிருந்தார்கள். கல் மன்னர்களை மட்டும் விடுவார்களா? சிலைகளைக் கீழே தள்ளித் தலைகளைத் துண்டித்தார்கள்.

அந்தத் தலைகள் எங்கே போயின என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. 1977-ல் பாரிஸில் ஒரு கட்டடத்தில் வேலை நடந்தபோது 21 தலைகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன! இன்று அவை அதே நகரில் க்ளூனி மியூசியத்தில் இருக்கின்றன. வியோலே அவற்றைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

புரட்சிக் காலத்தில் கோயிலில் வழிபாடு நின்றது. சாமான் கிடங்காகக்கூட அது இருந்தது. மணிகளை எடுத்து உருக்கிவிட்டார்கள். பெரிய மணி ஒன்றுதான் தப்பியது. நெப்போலியன் 1804 டிசம்பர் 2-ந் தேதி சக்கரவர்த்தியாக முடிசூடிக்கொண்டது இங்கேதான். அன்றைக்கு இடிபாடுகளைத் துணியாலும் அட்டையாலும் மறைத்து அலங்காரம் செய்தார்கள்.

எல்லாப் பழியையும் புரட்சிக்காரர்கள் மேலேயே போடுவது நியாயம் அல்ல. அதற்கு முன்பே கோயில்காரர்கள் தாங்களே பல வர்ணக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு வெள்ளைக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். ஊர்வலக் குடை நுழைவதற்காக 1771-ல் நடு வாசல் சிற்பத்தையே வெட்டி வழி செய்தார்கள். கோயில் நடுவில் உயர்ந்து நின்ற பழைய ஊசிக் கோபுரம் காற்றில் ஆடி ஆடிப் பழுதானதால், அதையும் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் பிரித்துவிட்டார்கள்.

இந்த நிலையில் 1831-ல் ஒரு நாவல் வெளிவந்தது. எழுதியவர் விக்டர் ஹியூகோ. 'ஏழை படும் பாடு' என்று தமிழில் வந்ததே, அந்தக் கதையின் மூல ஆசிரியர்தான். இந்த நாவலில் மணியடிக்கும் கூனன் ஒருவன் வருகிறான். ஆனால் உண்மையான கதாநாயகன் கோயில்தான். ஜனங்கள் நாவலைப் படித்தார்கள். பிறகு கோயிலைப் போய்ப் பார்த்தார்கள். ஐயோ, இப்படிக் கிடக்கிறதே என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

20 ஆண்டுத் திருப்பணி

அரசாங்கம் திருப்பணிக்குத் திட்டம் கேட்டது. 1843 ஜனவரியில் வியோலேயும், அவரைவிட மூத்தவரான லாஸ்யூஸ் என்பவரும் சேர்ந்து ஒரு திட்டம் கொடுத்தார்கள். 1844-ல் அது ஏற்கப்பட்டது. மறு ஆண்டு சட்டசபை 26½ லட்சம் பிராங்க் ஒதுக்கியது. வியோலேக்கு வயது 31.

அந்தத் திட்ட அறிக்கையில் இருவரும் ஒரு கொள்கையை வற்புறுத்தியிருந்தார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிறவன் தன் சொந்த ருசியை மறந்துவிட வேண்டும். தன்னையே மறைத்துக்கொள்ள வேண்டும். பழைய சிற்பி என்ன நினைத்தானோ அதைத்தான் செய்ய வேண்டும். இரட்டைக் கோபுரங்களின் மேல் ஊசி முனை வைத்து உயர்த்தலாம் என்ற யோசனையைக்கூட அவர்கள் ஒதுக்கினார்கள். வாசகர்கள் இந்தக் கொள்கையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

வேலை தொடங்கியது. கொத்தனார்கள், தச்சர்கள், கண்ணாடி வேலைக்காரர்கள், சிற்பிகள் என்று ஒரு பட்டாளம் திரண்டது. சிற்பிகளுக்குத் தலைவர் ஜெஃப்ருவா தெஷோம். உடைந்த 28 அரசர்களும் புதுக் கல்லில் பிறந்தார்கள். வெட்டப்பட்ட நடு வாசல் பழைய உருவத்துக்கு வந்தது. கதவு இரும்பு வேலை, விளக்கு, சுவர்ச் சித்திரம் எதையும் வியோலே விடவில்லை. தாமே படம் வரைந்து கொடுப்பார். இந்தக் கல்லை இந்த அளவில் வெட்டு என்று சொல்லும் படங்கள் அவை. காலையில் தொடங்கி இரவு வெகு நேரம் வரை வரைந்துகொண்டே இருப்பார். மேஸ்திரிகளுக்கு அவரிடம் மிகுந்த மரியாதை. கல்லூரிப் பட்டம் இல்லாத மனிதருக்குக் கல்லின் மர்மம் எல்லாம் தெரிந்திருந்ததே!

இடையில் பணம் தீர்ந்து வேலை நின்றது. பிறகு மறுபடி பணம் வந்தது. 1857-ல் லாஸ்யூஸ் காலமானார். அதன் பிறகு முழுப் பொறுப்பும் வியோலேயின் தலையில் விழுந்தது. முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது என்றும் சொல்லலாம்.

1861-ம் ஆண்டு தெற்கு ஜன்னலின் முறை வந்தது. ஆம், அதே ஜன்னல்தான்! அறுநூறு ஆண்டுகளில் சுவர் இறங்கி, ஜன்னலின் கல் சட்டங்கள் கோணிப் போயிருந்தன. வியோலே அதை முழுவதும் பிரித்தார். திருப்பிக் கட்டும்போது ஒரு மாறுதல் செய்தார். சக்கரத்தைத் திருப்புவது போல முழு ஜன்னலையும் 15 பாகை திருப்பி வைத்தார். இப்போது ஒரு சட்டம் நேர் செங்குத்தாகவும் ஒன்று நேர் படுக்கையாகவும் வந்துவிட்டன. பாரம் நேராக இறங்கும், மறுபடியும் கோணாது. பழைய சிற்பி வைத்தபடி வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஜன்னல் நின்றது.

கொம்பு முளைத்த பூதங்கள்

பாரிஸ் படம் போட்ட காலண்டர்களில் ஒரு கல் பூதத்தைப் பார்த்திருக்கலாம். தலையில் கொம்பு, முதுகில் சிறகு, இரு கைகளாலும் கன்னத்தைத் தாங்கி, நாக்கை நீட்டியபடி நகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இது எழுநூறு எண்ணூறு ஆண்டுப் பழமையான சிற்பம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஹியூகோவின் கூனன் இவற்றின் நடுவேதான் வாழ்ந்தான் என்றும் எண்ணுகிறார்கள்.

அது தவறு. இந்தப் பூதங்கள் 54-ம் வியோலே வரைந்து கொடுத்துச் செய்தவை. நாவல் வந்தபோது அவை அங்கே இல்லவே இல்லை. மழைநீர் வெளியே கொட்டுவதற்காக மிருக முகத்தோடு தூம்புகள் வைப்பது பழைய வழக்கம்தான். ஆனால் மேல் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பூதங்களின் வாயிலிருந்து தண்ணீர் வராது. அவை சும்மா உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கின்றன. தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிய கை, இங்கே கொஞ்சம் விளையாடிவிட்டது. எனக்கென்னவோ அந்த விளையாட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஊசிக் கோபுரத்தில் ஒரு முகம்

அடுத்தது ஊசிக் கோபுரம். பழைய கோபுரத்தை அப்படியே திருப்பிக் கட்டியிருக்கலாம். வியோலே அதைவிட உயரமாக, அதைவிட அலங்காரமாக ஒன்றைச் சொந்தமாக வரைந்தார். தரையிலிருந்து அதன் நுனி 96 மீட்டர் உயரம். உள்ளே ஓக் மரச் சட்டம். மேலே ஈயத் தகடு. மரமும் ஈயமும் சேர்ந்து 750 டன் எடை. 1859-ல் அது எழுந்து நின்றது. தச்சு வேலை செய்தவர் பெல்லு. அவருடைய தலைமை மேஸ்திரியின் பெயர் ஜார்ஜ். இந்தப் பெயர்கள் இன்றும் தெரிவதற்குக் காரணம், கோபுரத்தின் அடியில் ஒரு இரும்புத் தகட்டில் கட்டியவர்களின் பெயர்களைப் பொறித்து அடித்து வைத்ததுதான்.

கோபுரத்தின் அடியில் நான்கு பக்கமும் படிப்படியாக இறங்கி வருவது போல 16 செப்புச் சிலைகள் வைத்தார்கள். ஏசுநாதரின் 12 சீடர்கள், பைபிளின் சுவிசேஷங்களை எழுதிய நால்வரின் சின்னங்கள் நான்கு. சீடர்கள் எல்லோரும் பாரிஸ் நகரத்தைப் பார்த்து நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் நகரத்துக்கு முதுகைக் காட்டுகிறார். கையில் அளவுகோல். மற்றொரு கையை நெற்றியில் வைத்து, அண்ணாந்து கோபுரத்தையே பார்க்கிறார். அவர்தான் தோமையார்.

தமிழர்களுக்குத் தோமையாரை நன்றாகத் தெரியும். அவர் இந்தியாவுக்கு வந்து மயிலாப்பூரில் உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவ ஐதிகம். சென்னையில் சாந்தோம் ஆலயம் அவர் பெயரால்தான் நிற்கிறது. 1896-ல் முடிந்த அந்த ஆலயமும் கோத்திக் பாணியைப் பின்பற்றியதே. இந்தியாவில் ஓர் அரசன் அரண்மனை கட்டச் சொல்லித் தோமையாரிடம் பணம் கொடுத்தான், அவர் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார் என்று ஒரு பழைய கதை உண்டு. அந்தக் கதையால்தான் ஐரோப்பாவில் கட்டடக் கலைஞர்களுக்கு அவர் காவல் புனிதர் ஆனார்.

சரி, இந்தத் தோமையாரின் முகத்தை உற்றுப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அது வியோலேயின் முகம்! தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று 1843-ல் எழுதியவர், தாம் கட்டிய கோபுரத்தைத் தாமே அண்ணாந்து பார்த்து ரசிக்கும்படி சிலையாக நின்றுவிட்டார். அவர் பெரிய பக்திமானும் அல்லர். கோயிலில் தொழுவதைவிடக் கோயிலைத் தொட்டுப் பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை.

1864-ல் திருப்பணி முடிந்தது.

சண்டை

எதிர்ப்பு முன்பே கிளம்பியிருந்தது. இங்கிலாந்தில் ரஸ்கின் என்ற அறிஞர் இருந்தார். அவர் எழுதிய வேறொரு நூலை 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் படித்துத்தான் காந்தியடிகள் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது என்பது அதைக் கொல்வதற்குச் சமம் என்பது ரஸ்கினின் கட்சி. இறந்தவரை எழுப்ப முடியாதது போல, பழைய சிற்பியின் உளியை மறுபடி கொண்டுவர முடியாது. விழாமல் முட்டுக் கொடுங்கள். அதற்கு மேல் கை வைக்காதீர்கள் என்று அவர் வாதாடினார்.

வியோலேயின் கட்சி நேர் எதிர். 1854 முதல் 1868 வரை பத்துப் பாகங்களாக ஒரு கட்டடக்கலை அகராதி எழுதினார். ஆயிரக்கணக்கான படங்களும் அவரே வரைந்தவை. அதில், ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால் வெறும் பழுது பார்ப்பது அல்ல, அதை முழுமையாக்குவது. அந்த முழுமை முன்பு எந்தக் காலத்திலும் இல்லாததாகவும் இருக்கலாம் என்று துணிந்து எழுதினார். எதிரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இல்லாததைக் கட்டிவிட்டுப் பழையது என்று சொல்கிறாரே என்று கூச்சலிட்டார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெற்கே கார்க்கஸோன் கோட்டையை அவர் புதுப்பித்தார். அங்கே வெயில்தான் அதிகம். ஆனால் கோபுரங்களுக்குப் பனி கொட்டும் வடக்குச் சீமைக் கூரை போல ஊசிக் கூரை வைத்தார். பியெர்ஃபோன் என்ற இடிந்த கோட்டையை மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்திக்காக அரண்மனையாகவே கட்டிக் கொடுத்தார். அங்கே பழமை கொஞ்சம், வியோலே அதிகம். ஆனால் ஒன்று. அவர் கை வைக்காமல் விட்டிருந்தால் வெஸெலே மண்மேடாகியிருக்கும். கார்க்கஸோன் கோட்டையை இடித்துவிடலாம் என்று அரசாங்கமே ஒரு சமயம் நினைத்தது. தூற்றியவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சிறு வயதில் அவர் ஒதுக்கிய நுண்கலைக் கல்லூரிக்கே 1863-ல் அவரைப் பேராசிரியராக நியமித்தார்கள். மாணவர்கள் விடவில்லை. 1864 ஜனவரியில் அவர் முதல் சொற்பொழிவுக்கு வந்தபோது ஊளையிட்டுக் கலாட்டா செய்தார்கள். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தார். மார்ச் மாதம் ராஜிநாமா செய்துவிட்டார். சொல்ல வேண்டியதைப் புத்தகமாக எழுதினார். இரும்பைப் புதிய கட்டடங்களில் தைரியமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த நூல்களில் எழுதியதை அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் பல தேசங்களில் படித்தார்கள்.

மலையும் சிலையும்

வயது 50-ஐத் தாண்டிய பிறகு அவருக்கு மலைப் பைத்தியம் பிடித்தது. ஆல்ப்ஸ் மலையின் சிகரமான மோன் பிளானைச் சுற்றிச் சுற்றி அளந்தார். மலையும் இடிந்துபோன ஒரு பெரிய கட்டடம்தான் என்பது அவர் நினைப்பு. 1876-ல் அதன் வரைபடத்தை வெளியிட்டார். ஒருமுறை பனிப்பிளவுக்குள் விழுந்துவிட்டார். வழிகாட்டி ஆள் கூட்டிவரப் போயிருந்த நேரத்தில், உள்ளே தொங்கிய பனிக்கட்டிகளைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தார் என்று சொல்வார்கள்!

1870-ல் ஜெர்மானியர் பாரிஸை முற்றுகையிட்டபோது, 56 வயதில் ராணுவ எஞ்சினீயர் படையில் சேர்ந்து அரண் கட்டினார். இளைஞர்களுக்காகவும் புத்தகம் எழுதினார். ஒரு பையன் வீடு கட்டக் கற்றுக்கொள்ளும் கதை அவற்றில் ஒன்று.

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலைக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டு. அதைச் செய்த பார்த்தோல்தி முதலில் யோசனை கேட்டது வியோலேயிடம்தான். தீபம் ஏந்திய கையும் தலையும் அவர் யோசனைப்படி உருவாயின. வேலை நடுவில் இருக்கும்போதே வியோலே இறந்தார். பிறகு வந்தவர் ஈஃபெல். பாரிஸில் இரும்புக் கோபுரம் கட்டிய அதே ஈஃபெல்.

கடைசி ஆண்டுகளில் வியோலே ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகர ஆலயத்துக்குத் திருப்பணி செய்தார். அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். 1879-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 65.

தீ!

2019-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி மாலை. நோத்ர தாம் கோயிலின் கூரையில் தீப்பிடித்தது. பழைய ஓக் மரக் கூரை முழுவதும் எரிந்தது. சிறிது நேரத்தில் வியோலேயின் ஊசிக் கோபுரம் நடுவில் முறிந்து, கல் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. நதிக்கரையில் கூடியிருந்த ஜனங்கள் அதைப் பார்த்து அழுதார்கள். உலகமெங்கும் டெலிவிஷனில் அதைக் கண்டார்கள்.

ஆனால் வட்ட ஜன்னல்கள் மூன்றும் தப்பின. பெரிய ஆர்கன் வாத்தியமும் தப்பியது. 16 செப்புச் சிலைகளும் தப்பியது ஓர் அதிசயம். பழுது பார்ப்பதற்காக அவற்றை நான்கு நாட்களுக்கு முன்புதான் கிரேன் வைத்துக் கீழே இறக்கியிருந்தார்கள்! கோபுர உச்சியில் இருந்த செப்புச் சேவலை மறுநாள் இடிபாட்டிலிருந்து நசுங்கிய நிலையில் எடுத்தார்கள்.

உடனே பழைய சண்டை புது உருவத்தில் வந்தது. ஊசிக் கோபுரம் எப்படி இருக்க வேண்டும்? இந்தக் காலத்துக்குத் தகுந்தபடி புதிதாக ஒன்று வைக்கலாம் என்று பிரதம மந்திரி சர்வதேசப் போட்டி அறிவித்தார். கண்ணாடியில் வைக்கலாம், கூரையில் தோட்டம் போடலாம் என்றெல்லாம் படங்கள் வந்து குவிந்தன. சொந்தமாக வரைந்துவிட்டார் என்று எந்தக் கோபுரத்துக்காக வியோலேயைத் திட்டினார்களோ, அந்தக் கோபுரமே வேண்டும் என்று கட்டடக்கலை அறிஞர்கள் இப்போது போராடினார்கள். 2020 ஜூலையில் முடிவாயிற்று. வியோலே வரைந்தபடியே, அதே ஓக் மரம், அதே ஈயம், அதே 96 மீட்டர்.

கோபுரத்துக்கும் கூரைக்குமாகச் சுமார் 2000 ஓக் மரங்களைக் காடுகளில் தேர்ந்தெடுத்து வெட்டினார்கள். கூரைச் சட்டங்களைப் பழைய முறைப்படி கோடாலியால் செதுக்கினார்கள். அதற்காகப் பழைய மாதிரிக் கோடாலிகளையே கொல்லர்கள் அடித்துக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் தங்க நிறப் புதுச் சேவல் உச்சியில் ஏறியது. 2024 டிசம்பர் 7-ந் தேதி கோயில் மறுபடி திறக்கப்பட்டது.

2025 செப்டம்பரில் கோபுரப் படிகளையும் திறந்துவிட்டார்கள். மொத்தம் 424 படிகள். மூச்சு வாங்க ஏறிப் போனால், வியோலேயின் பூதங்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கொம்பு முளைத்த பூதம் இன்னும் கன்னத்தில் கை வைத்தபடி, நாக்கை நீட்டிக்கொண்டு, பாரிஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.